சம்பெயின் என்ற பெயருக்குள் அடைபட்டிருப்பவை

பிரான்ஸில் எந்தப் பேரங்காடிக்குள் நுழைந்தாலும் வைன் அடுக்கின் ஓரத்தில், தடித்த கண்ணாடியும் கம்பி கட்டிய தக்கையுமாக ஒரு வரிசைப் போத்தல்கள் நிற்கும. எல்லாவற்றிலும் நுரை வரும். எல்லாமே பிரான்ஸ் மண்ணில் விளைந்த திராட்சையிலிருந்து வந்தவைதான். ஆனால் ஒன்றில் 'சம்பெயின்' என்றும், பக்கத்தில் நிற்பதில் 'கிரேமோன்' என்றும், இன்னொன்றில் 'பிளாங்கெத் து லிமூ' என்றும் எழுதியிருக்கும். முதலாவதன் விலை மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு. பாரிஸ் உணவகங்களில் வேலை செய்யும் எம்மவர்கள் பலர் இந்தப் போத்தல்களைத் தினமும் கையில் தூக்குகிறார்கள். வித்தியாசம் என்னவென்று கேட்டால் "அது விலை கூடினது, இது விலை குறைஞ்சது" என்பதோடு கதை முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரை யாரையும் குடிக்கச் சொல்வதற்கு எழுதப்படவில்லை. மது எங்கள் வீடுகளில் என்ன செய்திருக்கிறது என்பதை இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு மண், அதில் விளையும் பயிர், அந்த ஊர்ப் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை, நான்கு வருடங்கள் அந்த மண்ணின் மேலேயே நின்ற போர் ஆகிய எல்லாம் ஒரு போத்தலுக்குள் எப்படி வந்து சேர்ந்தன என்பது அறிந்துகொள்ள வேண்டிய கதை.

நுரை எங்கிருந்து வருகிறது

காலையில் இறக்கிய கள்ளைப் போத்தலில் இறுக்கி மூடி வைத்தால் மத்தியானத்துக்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். மதுவம் சீனியை உண்டு அதை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுவதே காரணம். திராட்சைச் சாற்றிலும் இதே நொதித்தல்தான் நடக்கிறது. சாதாரண வைன் செய்பவர்கள் அந்த வாயுவை வெளியேற விடுகிறார்கள். நுரை வைன் செய்பவர்கள் அதைப் பிடித்து அடைக்கிறார்கள்.

சம்பெயினில் நொதித்தல் இரண்டு தடவை நடக்கும். முதலாவது பெரிய தாங்கிகளில். அதன் முடிவில் கிடைப்பது நுரையே இல்லாத, பல் கூசும் அளவுக்குப் புளிக்கும் ஒரு வெள்ளை வைன். அதைப் போத்தலில் ஊற்றி, லீற்றருக்கு ஏறத்தாழ 24 கிராம் சீனியும் கொஞ்சம் மதுவமும் சேர்த்து மூடி நிலவறையில் படுக்க வைக்கிறார்கள். போத்தலுக்குள் இரண்டாவது நொதித்தல் நடக்கிறது. வெளியேற வழியில்லாத வாயு வைனுக்குள்ளேயே கரைகிறது. உள்ளே அமுக்கம் ஆறு வளிமண்டலங்கள் வரை ஏறும். ஒரு காரின் சில்லுக்குள் இருக்கும் காற்றமுக்கத்தைவிட இது இரண்டு மடங்குக்கும் அதிகம். அதனால்தான் அந்தத் தடித்த கண்ணாடியும், தக்கையை இழுத்துக் கட்டும் கம்பியும்.

சீனி முடிந்ததும் மதுவம் செத்து அடியில் மண்டியாகப் படியும். அந்த மண்டியோடு போத்தல் கிடக்கும் காலம்தான் சம்பெயினுக்குச் சுட்ட பாணின் வாசத்தைக் கொடுக்கிறது. சாதாரண சம்பெயின் குறைந்தது 15 மாதங்கள் நிலவறையில் இருக்க வேண்டும், அதில் 12 மாதங்கள் மண்டியோடு. ஆண்டு குறிப்பிட்டு விற்கப்படுவதற்கு மூன்று ஆண்டுகள். இது சட்டம்.

பிறகு மண்டியை எடுக்க வேண்டும், நுரையை விடக்கூடாது. இந்தச் சிக்கலுக்கு வழி கண்டது ரான்ஸ் நகரில் 27 வயதில் கணவனை இழந்து, அவருடைய வியாபாரத்தைத் தானே பொறுப்பெடுத்த ஒரு பெண்ணின் நிலவறை. வெவ் கிளிக்கோ என்ற பெயரில் இன்றும் விற்கப்படும் சம்பெயினில் உள்ள 'வெவ்' என்ற சொல்லுக்கு விதவை என்பதுதான் பொருள். 1816 ஆம் ஆண்டளவில் அங்கே துளையிட்ட பலகைகளில் போத்தல்களைத் தலைகீழாகச் செருகி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் திருப்பி, மண்டியைக் கழுத்துக்கு இறக்கும் முறை உருவானது. இன்று பெரும்பாலும் இயந்திரக் கூடைகள் அந்த வேலையைச் செய்கின்றன. கடைசியில் கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், உள்ளிருக்கும் அமுக்கமே உறைந்த மண்டியை வெளியே எறிந்துவிடும். குறைந்த அளவை வைனும் சீனியும் கலந்த திரவத்தால் நிரப்பித் தக்கை அடைக்கிறார்கள்.

சம்பெயினைக் 'கண்டுபிடித்தவர்' என்று துறவி டொம் பெரின்யோனைச் சொல்வது வழக்கம். 1668 முதல் ஓவில்லர் மடத்தின் நிலவறைக்குப் பொறுப்பாக இருந்த அவர், உண்மையில் நுரையை ஒரு குறையாகவே பார்த்தார். அவருடைய திறமை வெவ்வேறு தோட்டங்களின் திராட்சைகளைத் தெரிந்து கலப்பதில் இருந்தது. வைனில் சீனி சேர்த்து நுரைக்க வைப்பதைப் பற்றி 1662 இலேயே இலண்டனில் கிறிஸ்தோபர் மெரெட் என்பவர் றோயல் சொசைற்றிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இது பிரெஞ்சுக்காரர்கள் அவ்வளவு விரும்பிக் கதைக்காத விடயம்.

மூன்று திராட்சைகள்

சம்பெயின் பிரதேசம் பாரிஸுக்குக் கிழக்கே, ரான்ஸ், எப்பர்னே என்ற இரண்டு நகரங்களைச் சுற்றியும் தெற்கே துருவா வரையும் பரந்திருக்கிறது. ஏறத்தாழ 34,000 ஹெக்டேயர் தோட்டம், 16,000 அளவில் பயிர்செய்கையாளர்கள். திராட்சை பழுப்பதற்குப் போதுமான வெயில் கிடைக்கும் எல்லையின் ஓரத்தில் கிடக்கும் குளிர் நிலம் அது. பழம் முழுதாக இனிக்காது, புளிப்பு நிற்கும். சாதாரண வைனுக்கு அது குறை. நுரை வைனுக்கு அதுதான் முதுகெலும்பு. அடியில் இருப்பது வெண்மையான சுண்ணக்கல். மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, கோடையில் வேருக்குக் கொடுக்கும். சுண்ணாம்புக்கல் மேல் தோட்டம் செய்யும் யாழ்ப்பாணத்தவருக்கு இதைக் கற்பனை செய்வது கடினமல்ல. ஆனால் அங்கே முந்திரிகைப் பந்தல் கிடையாது. இடுப்பளவு உயரத்தில் கம்பிகளில் படர விட்ட கொடிகள்தான்.

அந்த நிலத்தில் நிற்பவற்றில் ஏறத்தாழ முழுவதும் மூன்றே இனங்கள். அவற்றில் இரண்டு கறுப்புத் திராட்சைகள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பினோ நுவார் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான இடத்தைப் பிடித்திருக்கிறது. தோல் கறுப்பு, உள்ளே சாறு நிறமற்றது. ரான்ஸ் மலைச்சரிவிலும் தெற்கே ஓப் மாவட்டத்திலும் அதிகம். கலவைக்கு உடலையும் சிவப்புப் பழங்களின் மணத்தையும் கொடுப்பது இதுதான்.

மூனியே இன்னொரு கறுப்பு இனம். மூனியே என்றால் பிரெஞ்சில் மாவரைப்பவர். இலையின் அடிப்புறம் மாத் தூவியதுபோல் வெள்ளையாக இருப்பதால் வந்த பெயர். பிந்தித் துளிர்ப்பதால் வசந்தகால உறைபனிக்குத் தப்பிவிடும். மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் களிமண்ணில் மற்ற இரண்டும் தயங்கும் இடத்தில் இது காய்க்கும். பெரிய நிறுவனங்கள் நீண்டகாலம் இதை விளம்பரங்களில் சொல்லாமலே பயன்படுத்தின. ஏழை விவசாயியின் திராட்சை என்ற பெயர் அதற்கு இருந்தது. கடந்த சில பத்தாண்டுகளில்தான் சிறு உற்பத்தியாளர்கள் மூனியேயை மட்டும் வைத்துச் சம்பெயின் செய்து, அந்தப் பெயரைத் துணிந்து முகப்பில் எழுதத் தொடங்கினார்கள். எனக்கு இந்த மூன்றில் மதிப்பு அதிகம் இதன்மேல்தான்.

சார்டொனே மட்டும் வெள்ளை. எப்பர்னேக்குத் தெற்கே உள்ள சரிவு முழுவதும் இதுவே நிற்பதால் அந்தச் சரிவுக்கே 'வெள்ளைகளின் சரிவு' என்று பெயர். இளமையில் எலுமிச்சைபோல் கூர்மையாக இருக்கும், பல ஆண்டுகள் தாங்கும்.

இவை தவிர ஆர்பான், பெத்தி மெலியே போன்ற பழைய இனங்கள் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லாத நிலத்தில் தப்பிக் கிடக்கின்றன. நோய் தாங்கும் வொல்தி என்ற புதிய கலப்பினத்துக்கும் பரிசோதனை அடிப்படையில் அண்மையில் அனுமதி கிடைத்திருக்கிறது.

கறுப்புப் பழத்திலிருந்து வெள்ளை வைன் எடுப்பதற்குப் பழம் நசுங்கக்கூடாது. தோலின் சாயம் சாற்றில் இறங்கிவிடும். ஆகவே பறிப்பது கையால் மட்டும்தான், குலை குலையாக. இயந்திர அறுவடை சட்டப்படி தடை. 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லீற்றருக்கு மேல் சாறு பிழிய முடியாது என்பதும் விதி. இந்தக் கையால் பறிக்கும் விதிக்குக் கட்டுரையின் முடிவில் திரும்ப வரவேண்டியிருக்கிறது.

முகப்பில் இருக்கும் சொற்கள்

'பிளான் து பிளான்' என்றால் வெள்ளையிலிருந்து வெள்ளை, அதாவது வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்தது. சம்பெயினில் இது நடைமுறையில் சார்டொனே. 'பிளான் து நுவார்' கறுப்புத் திராட்சையில் செய்த வெள்ளை வைன். இளஞ்சிவப்பான 'ரோசே'யைத் தோலோடு சிறிது நேரம் ஊறவிட்டும் செய்யலாம், வெள்ளை வைனில் கொஞ்சம் சிவப்பு வைனைக் கலந்தும் செய்யலாம். இப்படிக் கலந்து ரோசே செய்வது மற்ற வைன்களில் பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. சம்பெயினுக்கு விலக்கு உண்டு.

முகப்பில் ஆண்டு இல்லையென்றால் அது பல ஆண்டுகளின் வைன்களைக் கலந்தது. விற்பனையாவதில் பெரும்பகுதி இதுதான். மழை கெடுத்த ஆண்டின் குறையை முந்தைய ஆண்டுகளில் சேமித்து வைத்த வைனால் ஈடுகட்டுவதே நோக்கம். விதைநெல்லை எடுத்து வைப்பதுபோல நல்ல ஆண்டின் வைனில் ஒரு பகுதியை எடுத்து வைக்கிறார்கள்.

இனிப்பின் அளவுக்கும் தனிச் சொற்கள். லீற்றருக்கு 3 கிராமுக்குக் குறைவாகச் சீனி இருந்து, கடைசியில் எதுவும் சேர்க்கப்படாவிட்டால் 'ப்ரூ நத்யூர்'. 6 வரை 'எக்ஸ்ட்ரா ப்ரூ'. 12க்குள் 'ப்ரூ', இன்று மிகப் பரவலாக விற்பது. 12 முதல் 17 வரை 'எக்ஸ்ட்ரா ட்ரை'. பெயரைப் பார்த்தால் மிகக் குறைந்த இனிப்பு என்று தோன்றும், ஆனால் ப்ரூவைவிட இனிப்பு. 17 முதல் 32 வரை 'செக்', 50 வரை 'தெமி செக்', அதற்கு மேல் 'து'. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்ய அரசவைக்கு அனுப்பிய சம்பெயின் இன்றைய குளிர்பானங்களைப்போல இனித்தது. சீனியைக் குறைத்து 1874 ஆம் ஆண்டு வைனை இங்கிலாந்தில் வெற்றிகரமாக விற்றவர் லூயிஸ் பொம்மெரி. அவரும் கணவன் இறந்தபின் வியாபாரத்தைக் கையில் எடுத்த பெண்தான்.

இன்னொரு சிறிய அடையாளம் உண்டு. முகப்பின் ஓரத்தில் நுண்ணிய எழுத்தில் ஓர் இலக்கமும் அதற்கு முன் இரண்டு எழுத்துகளும் இருக்கும். ஆர்.எம். என்றிருந்தால் பயிர்செய்தவரே தன் பழத்தில் செய்து விற்பது. என்.எம். என்றால் பிறரிடமிருந்து பழத்தை வாங்கிச் செய்யும் நிறுவனம். சி.எம். கூட்டுறவுச் சங்கம். எம்.ஏ. என்றால் பேரங்காடி போன்ற ஒருவர் தன் பெயரை ஒட்டி விற்பது. நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பயிர்செய்கையாளரிடம் இருக்கிறது. விற்பனையில் பெரும்பங்கு நிறுவனங்களிடம். இந்த இடைவெளியிலிருந்துதான் சம்பெயினின் அரசியல் எல்லாம் பிறந்தது.

சம்பெயினுக்கு வெளியே

தெற்கே லிமூவில் மொசாக் என்ற திராட்சையில் செய்யும் பிளாங்கெத், தான் 1531 இலேயே நுரைத்ததாகச் சொல்லிக்கொள்கிறது. பச்சை அப்பிள் மணம் வரும். கிரேமோன் என்பது சம்பெயினைப்போலவே போத்தலுக்குள் இரண்டாவது நொதித்தல் செய்யப்பட்டு, வேறு பிரதேசங்களில் உருவாகும் வைன்களின் பொதுப் பெயர். மண்டியோடு குறைந்தது 9 மாதங்கள் இருக்க வேண்டும். அல்சாஸில் பினோ பிளான், லுவார் ஆற்றோரத்தில் ஷெனான் பிளான், பூர்கோனில் சம்பெயினின் அதே பினோ நுவாரும் சார்டொனேயும், கூடவே அலிகோத்தேயும். விலைக்குத் தரம் பார்க்கிறவர்கள் பிரான்ஸில் கிரேமோனைத்தான் வாங்குகிறார்கள். மலைநாட்டுப் பக்கம் கிளேரெத் து தி என்ற இனிப்பான, மதுசாரம் குறைந்த வைன் உண்டு. மஸ்கா திராட்சை. நொதித்தல் முடியுமுன்பே போத்தலில் அடைத்துவிடுகிறார்கள், இரண்டாவது சீனி இல்லை. செய்முறையில் போத்தல் கள்ளுக்கு மிகக் கிட்டிய உறவு இதுதான்.

பெயருக்காக எரிந்த ஊர்

1910 இல் மழையும் பூஞ்சணமும் சேர்ந்து சம்பெயின் பிரதேசத்தின் அறுவடையை அழித்துவிட்டன. அந்த நிலையிலும் சில வியாபாரிகள் வேறு மாகாணங்களிலிருந்து மலிவாக வைன் இறக்கிச் சம்பெயின் என்று விற்றார்கள். 1911 ஜனவரியில் மார்ன் பள்ளத்தாக்கு விவசாயிகள் அந்த வியாபாரிகளின் நிலவறைகளுக்குள் புகுந்து வைனைக் கொட்டினார்கள். இராணுவம் இறக்கப்பட்டது. பிரதேசத்தின் எல்லையை அரசு வரைந்தபோது தெற்கே இருந்த ஓப் மாவட்டத்தை வெளியே விட்டது. தலைமுறை தலைமுறையாகப் பழம் கொடுத்தவர்கள் ஒரே நாளில் 'வெளியார்' ஆனார்கள். அவர்கள் துருவாவில் திரண்டார்கள். அரசு பின்வாங்கி எல்லையை நீக்கப் பார்த்ததும் மார்ன் விவசாயிகள் மறுபடி எழுந்தார்கள். ஏப்ரலில் ஆய் என்ற சிற்றூரில் வியாபாரிகளின் வீடுகளும் களஞ்சியங்களும் எரிந்தன. இரண்டு தரப்பும் ஏழை விவசாயிகள். கோடு வரைந்தவர்கள் பாரிஸில் இருந்தார்கள். ஓப் மாவட்டத்துக்குச் சம்பெயின் என்ற பெயர் முழு உரிமையோடு திரும்பக் கிடைக்க 1927 ஜூலை வரை ஆனது. எந்தத் திராட்சைகளை நடலாம் என்பதையும் அந்தச் சட்டமே வரையறுத்தது.

அதற்கிடையில் போர் வந்தது. 1914 செப்டெம்பர் 4 அன்று ஜேர்மன் படைகள் ரான்ஸுக்குள் நுழைந்தன. மார்ன் சமருக்குப் பின் ஒரு கிழமைக்குள் பின்வாங்கின, ஆனால் தூரம் போகவில்லை. நகரைச் சுற்றியிருந்த கோட்டைகளில் நின்றுகொண்டு எறிகணை வீசத் தொடங்கின. செப்டெம்பர் 19 அன்று பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய பேராலயம் எரிந்தது. போர்முனை 1918 வரை நகரின் விளிம்பிலேயே நின்றது.

மக்கள் நிலத்துக்கடியில் போனார்கள். உரோமர் காலத்திலிருந்து சுண்ணக்கல் வெட்டியெடுத்த ஆழக் குழிகளைத்தான் சம்பெயின் நிறுவனங்கள் நிலவறைகளாக்கி வைத்திருந்தன. வருடம் முழுவதும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குளிர். போத்தல் அடுக்குகளுக்கு நடுவே குடும்பங்கள் படுத்தன, சமைத்தன. பூசை நடந்தது. பள்ளிக்கூடங்களும் அங்கேயே நடந்தன. பதுங்குகுழிக்குள் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த ஒரு சமூகத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த 1914 அறுவடையை எடுத்தவர்கள் பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும். ஆண்கள் போர்முனையில். சரிவுகளில் எறிகணைகள் விழுந்துகொண்டிருக்கையில் அவர்கள் குலை வெட்டினார்கள். சிலர் கொடிகளுக்கிடையிலேயே கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டின் வைன் நூற்றாண்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்று பின்னாளில் புகழப்பட்டது. இந்தப் புகழ்ச்சியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் இருக்கும். விற்பனை விளம்பரத்தில் எறிகணையும் ஒரு சுவையாகிவிடுகிறது.

1918 வசந்தத்தில் எஞ்சியிருந்தவர்களையும் நகரைவிட்டு வெளியேற்றினார்கள். திரும்பி வந்தபோது பெரும்பாலான வீடுகள் இல்லை. பிரதேசத்தின் கொடிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அழிந்திருந்தது. பதுங்குகுழிகளும் எறிகணைப் பள்ளங்களும் நிறைந்த மண்ணைத் தூர்த்து, வெடிபொருட்களைப் பொறுக்கி, மறுபடி நட்டார்கள். வேரைத் தின்னும் பிலொக்செரா பூச்சியும் ஏற்கனவே பரவியிருந்ததால், நட்டவை எல்லாம் அமெரிக்க அடிக்கட்டையில் ஒட்டிய கன்றுகள். சந்தையும் கையைவிட்டுப் போயிருந்தது. புரட்சியோடு ரஷ்யாவும், 1920 மதுவிலக்கோடு அமெரிக்காவும் வாங்குவதை நிறுத்தின.

இரண்டாம் உலகப்போரில் ஜேர்மனியர் தோட்டத்தை அழிக்கவில்லை, போத்தல்களை எடுத்தார்கள். சம்பெயின் வாங்குவதற்கென்றே ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். அவரோடு தனித்தனியே பேசினால் நசுங்கிவிடுவோம் என்று உணர்ந்து, 1911 இல் எதிரெதிரே நின்ற பயிர்செய்கையாளரும் நிறுவனங்களும் 1941 ஏப்ரலில் ஒரே அமைப்பாகச் சேர்ந்தார்கள். அதன் தலைவர்களில் ஒருவரான ரொபேர் ஜான் து வொகுவே 1943 நவம்பரில் கெஸ்டாபோவால் பிடிக்கப்பட்டு மரணதண்டனை விதிக்கப்பட்டார். தண்டனை நிறைவேற்றப்படவில்லை, முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பினார். அந்த அமைப்புத்தான் இன்றும் பழத்தின் விளைச்சல் அளவை ஒவ்வோர் ஆண்டும் நிர்ணயிக்கிறது, உலகெங்கும் சம்பெயின் என்ற பெயரைத் தவறாகப் பயன்படுத்துவோர்மீது வழக்குப் போடுகிறது. 2015 இல் அந்தச் சரிவுகளும் நிலவறைகளும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

பறிக்கும் கைகள்

முன்பு செப்டெம்பர் கடைசியில் நடந்த அறுவடை, 2003 க்குப் பிறகு பல ஆண்டுகளில் ஓகஸ்ட் மாதத்திலேயே தொடங்கியிருக்கிறது. வெயில் கூடக் கூடப் பழம் முந்திப் பழுக்கிறது, புளிப்புக் குறைகிறது. புளிப்பையே நம்பியிருக்கும் ஒரு வைனுக்கு இது சிறிய பிரச்சினை அல்ல.

பறிப்பவர்களுக்கு அது வேறுவிதப் பிரச்சினை. கையால் பறிக்க வேண்டும் என்ற விதியால் ஒவ்வோர் அறுவடைக்கும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பருவகாலத் தொழிலாளர்கள் தேவைப்படுகிறார்கள். 2023 செப்டெம்பரில் கடும் வெப்பத்துக்கிடையே நடந்த அறுவடையின்போது குறைந்தது நான்கு பேர் உயிரிழந்தார்கள். அதே அறுவடைக் காலத்தில் நெல் லு ரெப்போன் என்ற கிராமத்தின் ஒரு வீட்டில் 50 க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அடைத்து வைக்கப்பட்டதுபோன்ற நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தவர்கள், பலரிடம் வதிவிட அனுமதி இல்லை. நல்ல சம்பளம் என்று சொல்லிப் பாரிஸ் பகுதியிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள். படுப்பதற்கு ஒழுங்கான இடமில்லை, மலசலகூடம் அசுத்தம், விடியுமுன் ஏற்றிச் சென்று இருட்டும்வரை வேலை.

ஆட்சேர்ப்பவரின் வாய்ப்பேச்சை மட்டும் நம்பி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல், வாகனத்தில் ஏறுவது எப்படி முடியும் என்பதைப் பிரான்ஸுக்குப் புதிதாக வந்து விசா முடிவுக்குக் காத்திருக்கும் எந்த இளைஞனும் அறிந்திருக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்கள் வாய் திறந்தார்கள். 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் அவர்களை வேலைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் பொறுப்பாளரையும் வேறு இருவரையும் ஆட்கடத்தல் குற்றவாளிகளாகத் தீர்ப்பளித்தது. பழத்தைப் பெற்றுக்கொண்ட ஒரு வைன் கூட்டுறவுக்கும் தண்டப்பணம் விதிக்கப்பட்டது.